தில்லை வாசலும் கீழ்ப்பாக்கம் மேடையும் - 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' எழுந்த வரலாறு

பிச்சாவரத்துக்குப் படகுச் சவாரிக்கு வருகிறவர்கள் சுரபுன்னை மரத்தைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதே காட்டில் இன்னொரு மரமும் இருக்கிறது. அதன் பெயர் தில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பார்கள். சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். ஒரு காலத்தில் ஊர் இருக்கும் இடமே தில்லை வனம். இன்று அந்த மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஊரை விட்டு வெளியே, கடலோரம், பிச்சாவரம் வரை போகவேண்டும். ஊருக்குப் பெயர் கொடுத்த மரம் ஊருக்கு வெளியே நிற்கிறது!

இதே ஊரில் வெளியே நின்ற இன்னொருவரும் உண்டு. கொள்ளிடக் கரை ஆதனூர் நந்தனார். 'நாளை போவேன், நாளை போவேன்' என்று சொல்லிச் சொல்லியே 'திருநாளைப்போவார்' ஆனவர். அவர் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் சேக்கிழார் சொல்லும் ஒரு தகவலைப் பலர் கவனிப்பதில்லை. கோயில்களில் முழங்கும் பேரிகை போன்ற கருவிகளுக்குப் போர்த்தும் தோலையும், இழுத்துக் கட்டும் வாரையும், யாழுக்கும் வீணைக்கும் வேண்டிய நரம்பையும் கொண்டுபோய்க் கொடுத்து வந்தவர் நந்தனார் என்கிறது பெரிய புராணம். அவர் கொடுத்த தோல் உள்ளே போய்விட்டது. நாதமும் உள்ளே ஒலித்தது. கொடுத்தவர் மட்டும் வாசலில்.

ராப் குழுவைப் பற்றிய கட்டுரையில் நாயன்மார் எதற்கு என்று கேட்கலாம். 2018-ல் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு கேட்ட கேள்வி, இந்த வாசலில் நின்று கேட்கவேண்டிய கேள்விதான். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பின்னோக்கிப் போய்விட்டு வருவோம்.

சிதம்பரத்துக்கும் 'எந்தப் பாட்டு மேடையேறலாம்' என்ற சண்டைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. நிறுவியவர் ராஜா அண்ணாமலைச் செட்டியார். அந்தக் காலத்துக் கச்சேரிகளில் பெரும்பாலும் தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகள்தான். கடைசியில் ஒப்புக்கு 'துக்கடா' என்று ஒன்றிரண்டு தமிழ்ப் பாட்டு. 'தமிழ்நாட்டில் தமிழில் பாடினால் சங்கீதம் ஆகாதா?' என்று கேட்டு 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு நடந்தது. கல்கி எழுதினார், ராஜாஜி ஆதரித்தார். எதிர்த்தவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. 1942-ல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்துப் பாடிய எம்.எம்.தண்டபாணி தேசிகர், பின்னாளில் இதே பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவராக இருந்தார். (அதற்கு முன்பே 1935-ல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்து, ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கி ஊரையே வாய்பிளக்க வைத்தது தனிக் கதை.)

தமிழிசை இயக்கம் வென்றதா என்றால், ஓரளவு வென்றது. முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் கோபாலகிருஷ்ண பாரதியும் மேடைக்கு வந்தார்கள். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். மொழிக்குக் கதவு திறந்ததே தவிர, தமிழ் பேசும் எல்லோருக்கும் திறக்கவில்லை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரக் கீர்த்தனைகளை உருகி உருகிப் பாடிய சபாக்களில் பறைக்கு இடம் கிடையாது. கானாவுக்கும் கிடையாது. நந்தனைப் பற்றிப் பாடலாம், நந்தன் வீட்டு வாத்தியம் கூடாது!

இந்த இடத்தில் ஒரு கடல் தாண்டிப் போகவேண்டியிருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூவில் 1520-ம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஜமைக்காவிலிருந்து குடிவந்த குடும்பத்துப் பெண் சிண்டி கேம்ப்பெல் ஒரு விருந்து வைக்கிறாள். பாட்டுப் போடும் பொறுப்பு அண்ணன் கிளைவுக்கு. டிஜே கூல் ஹெர்க் என்று உலகம் பின்னால் அழைத்தது இவரைத்தான். பாட்டில் குரல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் ஜனங்கள் வெறிபிடித்து ஆடுகிறார்கள் என்று அவர் கவனித்திருந்தார். அந்தத் துண்டையே இரண்டு இசைத்தட்டுகளில் மாற்றி மாற்றி ஓட்டி நீளமாக்கினார். அதன் மேல் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு ராப் ஆனது. வாத்தியம் வாங்கக் காசில்லாதவர்கள், இருந்த ரெக்கார்டு பிளேயரையே வாத்தியமாக்கிய கதை இது. முதலில் வெறும் கொண்டாட்டம்தான். 1982-ல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவின் 'தி மெசேஜ்' வந்த பிறகுதான், இடிந்துகொண்டிருந்த தங்கள் தெருவையே பாட்டாக்கலாம் என்பது எல்லோருக்கும் உறைத்தது.

தமிழில் ராப் என்றால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது 1994-ல் வந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்'. அது சினிமா. சினிமாவுக்கு வெளியே தமிழ் ராப்பை வளர்த்த பெருமை மலேசியாவுக்குத்தான் போகவேண்டும். கோலாலம்பூரின் 'பொயட்டிக் அம்மோ' குழு 1998-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்திலேயே ஆங்கிலம், மலாய் ஆகியவற்றோடு தமிழும் இருந்தது. அந்தக் குழுவின் யோகி பி, பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் 'நட்சத்திரா'வாகச் சேர்ந்து 2006-ல் கொண்டுவந்த 'வல்லவன்' ஆல்பம் தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகள் வரை வந்து சேர்ந்தது. இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை அவர்கள் எடுத்தாண்ட விதம் அப்படி! அடுத்த ஆண்டே யோகி பி 'பொல்லாதவன்' படத்தில் இருந்தார். கோயம்புத்தூரிலிருந்து ஆதியும் ஜீவாவும் 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயரில் யூடியூபில் 2011-ல் கலக்கினார்கள், 2012-ல் ஆல்பம் போட்டார்கள். 2015-ல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைப்பாளர்கள்.

இதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது அல்லவா? சுயாதீனக் குழு எழும், நாலு பேர் காதில் விழும், உடனே கோடம்பாக்கம் கூப்பிடும், அதோடு குழு கரைந்துவிடும். தமிழ்நாட்டில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்று ஆகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. வெளியே இருந்து பாடிப் பிழைக்க வழியில்லை. அதனால் போனவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கதை இதற்குத் தலைகீழ். சினிமாவுக்குள்ளிருந்து ஒருவர் வெளியே வந்து குழு கட்டினார்.

அவர் பா.இரஞ்சித். 'அட்டகத்தி' (2012), 'மெட்ராஸ்' (2014), 'கபாலி' (2016) எடுத்து முடித்திருந்த நேரம். அவருடைய நீலம் பண்பாட்டு மையமும், சென்னையின் சுயாதீன இசை வட்டாரத்தில் இயங்கிவந்த டென்மாவும் சேர்ந்து 2017-ல் குழுவுக்கு ஆள் தேடினார்கள். வந்து பாடிக்காட்டியவர்கள் நூற்றுக்கும் மேல். தேர்வானவர்கள் 19 பேர். கானா பாடுகிறவர்கள், பறை, சட்டி, தோலக் அடிக்கிறவர்கள், கிதார், டிரம்ஸ் வாசிக்கிறவர்கள், ராப் பாடுகிறவர்கள் என்று கலவையான கூட்டம். பெண் என்று பார்த்தால் கானா பாடகி இசைவாணி ஒருவர்தான். (சாதியைக் கேட்கும் குழுவிலும் பெண்கள் எண்ணிக்கை ஒன்றுதானா என்ற கேள்வி நியாயமானதே.) ஆனால் ஆண்களின் கோட்டையாகவே இருந்த கானாவில் ஒரு பெண் வந்து நின்றதே பெரிய சங்கதி. 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

குழுவின் பெயர் ஏதோ ஆங்கில ஸ்டைலுக்காக வைத்தது என்று நினைத்துவிடக் கூடாது. அது அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) வழி வந்த பெயர். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கியவர். குடிமதிப்புக் கணக்கெடுப்பில் ஒடுக்கப்பட்ட மக்களைச் சாதிப் பெயரால் எழுதாதே, சாதிபேதமற்றவர்கள் என்று எழுது என்று வாதாடியவர். 'சாதியற்ற தமிழர்' என்ற அவருடைய எண்ணத்தின் ஆங்கில வடிவம்தான் 'கேஸ்ட்லெஸ்'. அந்த அயோத்திதாசர் நந்தனையும் விடவில்லை! 'இந்திரர் தேச சரித்திரம்' நூலில் நந்தன் வாசலில் காத்திருந்த அடிமை இல்லை, ஆட்சி செய்த பௌத்த அரசன் என்று கதையையே திருப்பிப் போட்டார். வரலாற்று ஆதாரம் என்ற அளவில் அதை ஏற்பதும் மறுப்பதும் வேறு விவாதம். கெஞ்சும் நந்தனைப் பாடிப் பாடியே பழகிய காதுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிதம்பரத்திலேயே சுவாமி சகஜானந்தர் 1916-ல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது அவர் வைத்த பெயரும் நந்தனார்தான். ஒரே பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக மீட்டிருக்கிறார்கள்.

2018 ஜனவரி 6. மார்கழி மாதம் இன்னும் முடியவில்லை. சபாக்களில் சீசன் ஓய்ந்துகொண்டிருந்த வேளை. கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் முதல் கச்சேரி. ஆயிரக்கணக்கில் கூட்டம். மேடையில் எல்லோரும் கோட்டு சூட்டு. கானாக்காரன் என்றால் லுங்கி, கழுத்தில் கர்ச்சீப் என்று சினிமா காட்டிப் பழக்கிய படத்துக்கு அது பதில். அம்பேத்கர் ஏன் எப்போதும் கோட்டு போட்டார் என்று தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, வடசென்னை, ஆணவக்கொலை, அம்பேத்கர் என்று பாட்டுக்குப் பாட்டு வந்துகொண்டே இருந்தது. அறிவுரையாக இல்லை, ஆடவைக்கும் தாளத்தில். இடஒதுக்கீட்டைப் பற்றி டிவி விவாதத்தில் கத்திக் கேட்டவர்கள், விசிலடித்துக்கொண்டே அதைக் கேட்டது அங்கேதான்.

கானாவும் ராப்பும் ஒன்றுதான் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது அவ்வளவு சரியில்லை. இரண்டும் நகரத்து ஏழைகளின் பாட்டு. கையில் கிடைத்ததை (இங்கே சட்டி, தீப்பெட்டி; அங்கே ரெக்கார்டு பிளேயர்) வைத்துத் தாளம் போட்டது இரண்டுக்கும் பொது. ஆனால் கானாவின் வேர் சாவு வீட்டில் இருக்கிறது. இறந்தவரைப் பற்றி விடிய விடியப் பாடும் பாட்டு அது. துக்கமும் கேலியும் ஒரே வரியில் வரும். ராப் எதிரே நிற்பவனை நோக்கிப் பேசுவது. இந்த இரண்டையும் ஒரு மேடையில் நிறுத்தியதால்தான் புதிதாக ஒன்று கிடைத்தது. ஒரே மாதிரி இருந்திருந்தால் சேர்த்து என்ன லாபம்?

இன்னொரு விஷயம் மொழி சம்பந்தப்பட்டது. ஆங்கில ராப்பில் வரியின் கடைசியில் ஓசை ஒன்றவேண்டும். தமிழ் யாப்பில் எதுகை வரியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் வருகிறது. பட்டம், சட்டம், வட்டம் என்பது போல. மோனை முதல் எழுத்தில். வரிக்கடைசியில் ஒன்றினால் அது இயைபு. தமிழில் வினைச்சொற்கள் எல்லாம் 'கிறான், கிறாள், கிறோம்' என்று ஒரே மாதிரி முடிவதால் இயைபு சும்மாவே கிடைத்துவிடும், அதனால் அதற்கு மதிப்புக் குறைவு. ஆரம்பகாலத் தமிழ் ராப் பல இடங்களில் தட்டையாக ஒலித்ததற்கு, ஆங்கிலம் போலக் கடைசியில் மட்டும் ஓசை தேடியதும் ஒரு காரணம் எனலாம். குழுவின் ராப் பாடகர் அறிவு வேறு வழியில் போனார். எதுகையை முன்னால் வைத்து, வல்லினத்தைத் தாளத்தில் அடித்து, ஒப்பாரியிலும் மேடைப்பேச்சிலும் கேட்ட அடுக்கை எடுத்துக்கொண்டார். அரக்கோணத்துக்காரர். எஞ்சினியரிங் படித்தவர். 2019-ல் ஓஃப்ரோவுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'தெருக்குறள்'. பெயரிலேயே எதுகை விளையாட்டு!

பறையைப் பற்றியும் சொல்லாமல் போகமுடியாது. கடலூர் மாவட்டக் கிராமங்களாகட்டும், வேறு மாவட்டமாகட்டும், சாவுக்குப் பறையடிப்பது ஒரு சாதியின் 'கடமை' என்று சுமத்தப்பட்டிருந்தது. அடிக்க மறுத்ததற்காக அடி வாங்கியவர்கள் உண்டு. அதனால் 'இனிப் பறை தொடமாட்டோம்' என்பதே ஒரு காலத்தில் விடுதலைக் குரலாக இருந்தது. அடுத்த தலைமுறை, 'தொடுவோம், ஆனால் நாங்கள் விரும்பும் இடத்தில்' என்றது. 1990-களில் திண்டுக்கல் பக்கம் சக்தி கலைக்குழுப் பெண்களும், பின்னர் மணிமாறனின் புத்தர் கலைக்குழுவும் பறையை மேடைக் கலையாக மாற்றிக் காட்டினார்கள். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் வானத்திலிருந்து குதிக்கவில்லை. இவர்கள் போட்ட பாதையில்தான் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்தது.

மும்பை தாராவியில் இதே காலத்தில் 'டோப்அடெலிக்ஸ்' என்ற குழு தமிழிலும் இந்தியிலும் ராப் பாடிக்கொண்டிருந்தது. 2018 ஜூனில் வெளியான இரஞ்சித்தின் 'காலா' இந்த ஓடைகளை ஒன்றாகச் சேர்த்தது. தாராவிப் பையன்களும், மலேசியாவின் யோகி பியும், ரோஷன் ஜாம்ராக்கும் ஒரே ஆல்பத்தில். அறிவும் பாட்டு எழுதினார். அதுவும் ரஜினி படத்தில்!

சரி, அப்படியானால் இந்தக் குழுவும் சினிமாவில் கரைந்ததா? பாதி ஆம், பாதி இல்லை. அறிவு 'மாஸ்டர்' (2021) வரை போனார். 'சார்பட்டா பரம்பரை'க்கு எழுதினார். குழுவின் மற்றவர்களும் தனித்தனியாக வளர்ந்தார்கள். சினிமா இயக்குநர் ஒருவரின் பெயரும் பணமும் முதுகில் இருந்ததால் கிடைத்த வெளிச்சம் இது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. முழுச் சுயாதீனம் என்று சொல்வது மிகை. ஆனால் பாட்டின் உள்ளடக்கத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்காத அளவுக்கு அது சுயாதீனமாகவே இருந்தது. சபரிமலையில் எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த காலத்தில் இசைவாணி பாடிய 'ஐ யாம் சாரி ஐயப்பா' பாட்டு, 2024 நவம்பரில் திடீரென்று மறுபடியும் கிளப்பப்பட்டது. போலீஸ் புகார்கள் போயின, அவருக்கு மிரட்டல்கள் வந்தன. பாடியபோது வராத கோபம் ஆறு வருடம் கழித்து வந்தது!

பாட்டு யாருடையது என்ற சண்டையும் வந்தது. 2021 மார்ச்சில் தீ, அறிவு இருவரும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் முழுக்க ஓடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை அறிவு அதில் வைத்திருந்தார். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் தீயும், கனடாவின் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். 'எஞ்சாமி'யையும் 'நீயே ஒளி'யையும் எழுதிய அறிவு இல்லை. இரஞ்சித் பகிரங்கமாகக் கண்டித்தார். பிறகு அறிவின் படத்தோடும் ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அறிவு இல்லாமலே மேடையேறியது. யார் இசையமைத்தது, யார் எழுதியது என்று மூன்று பேரும் தத்தம் தரப்பை எழுதினார்கள். பாட்டு கூட்டாக உருவானது என்பது ஒரு தரப்பு, மெட்டும் சொல்லும் தன் உழைப்பு என்பது அறிவின் தரப்பு. 2024-ல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வந்து சேரவில்லை என்று சொன்னார். கோடிக்கணக்கில் பார்வைகள் பெற்ற பாட்டின் நிலை இது! சினிமாவுக்கு வெளியே பாடினால் உரிமை கையில் நிற்கும் என்ற நம்பிக்கையையும் அது அசைத்துவிட்டது.

தோலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. 2020-ல் டி.எம்.கிருஷ்ணா, மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். பசு, எருமை, ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி மிருதங்கத்துக்கு நாதம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். வித்வான்களின் பெயர்கள் தெரியும் அளவுக்கு அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. அந்த நூலின் வெளியீட்டுக்குக் கலாக்ஷேத்ரா கொடுத்திருந்த அரங்க அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறு இடத்தில் நடந்தது. சேக்கிழார் காலத்துத் தோல் கணக்கு இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

அதே 2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை' என்ற விழாவைத் தொடங்கியது. கானா, பறை, ஒப்பாரி, நாட்டுப்புறப் பாட்டு, ராப் எல்லாம் மார்கழி மாதத்திலேயே, சபாக்கள் களைகட்டும் அதே சென்னையில். அடுத்த ஆண்டுகளில் மதுரை, கோவை என்று வெளியூர்களுக்கும் போனது. அறிவு 2024-ல் தன் பாட்டியின் பெயரிலேயே 'வள்ளியம்மா பேராண்டி' என்று ஓர் ஆல்பம் வெளியிட்டார், இந்தமுறை சொந்தக் குழுவோடு.